புல்லட் வண்டியும் அதன் மேல் விழுந்த பழிகளும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் விழாவில் மோட்டார் சைக்கிளைப் பற்றி ஓர் உரையா என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். தேரையும் யானையையும் குதிரையையும் பாடி வளர்ந்ததுதான் தமிழ்க் கவிதை. தேரேறி வந்தவனைப் பாடலாம், புல்லட்டில் வந்தவனைப் பேசக் கூடாது என்று எந்த இலக்கண நூலும் விதி வகுத்துவிடவில்லை. அன்றியும், இகழ்வது போலப் புகழும் நிந்தாஸ்துதி என்றொரு மரபு தமிழில் உண்டு. காளமேகப் புலவர் அதில் கைதேர்ந்தவர். புல்லட் வைத்திருப்போர் தத்தம் வண்டியைப் பற்றிப் பேசும் பேச்சு பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்தது. "சனியன், இன்றைக்கும் காலை வாரிவிட்டது" என்பார்கள். விற்றுவிடலாமே என்று யாரேனும் சொல்லிவிட்டால் அன்றோடு நட்பு முறிந்தது. ஆனால் வெளியார் செய்யும் ஏளனம் அத்தகையது அன்று. அதில் உட்பொருள் ஏதும் இல்லை. வெறும் நிந்தை மட்டுமே உண்டு. அந்த நிந்தைக்கு மறுமொழி கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

இங்கே புல்லட் எனப்படுவது திருவொற்றியூரில் 2010 வாக்கு வரை செய்யப்பட்ட, வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய 350 வண்டி. அதன் மீதான குற்றப்பத்திரிகை நீளமானது. நின்ற இடத்தில் ஆயில் ஒழுகும். கிக்கர் திருப்பி அடித்துக் காலைப் பதம் பார்க்கும். எருமைக் கனம், ஆமை வேகம். ஐம்பது கிலோமீட்டர் போனால் கை மரத்துவிடும். உலகமெல்லாம் கியர் இடக்காலில் இருக்க இதற்கு மட்டும் வலக்காலில் இருக்கும். வெள்ளைக்காரன் கழித்துப் போட்டதை மாற்றத் தெரியாமல் அப்படியே செய்துகொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அது திமிர் பிடித்தவர்களின் வண்டி. இவற்றுள் சில உண்மை, சில பாதி உண்மை.

பழமை என்ற குற்றத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து நிறுவனம். 1901 முதல் மோட்டார் சைக்கிள் செய்தது. புல்லட் என்ற பெயரை 1932இல் ஒரு வண்டிக்கு இட்டது. எனினும் இன்று அப்பெயரைக் கேட்டதும் கண்முன் நிற்கும் உருவம் 1948, 49ஆம் ஆண்டுகளில் பிறந்தது. அக்காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைந்திருக்கும். பள்ளம் மேடுகளின் அடியெல்லாம் இருக்கையின் சுருள்வில்லுக்கும் ஓட்டுபவரின் முதுகுக்குமே சேரும். புதிய புல்லட்டிலோ, பின்சக்கரம் ஒரு கவையில் பொருத்தப்பட்டு மேலும் கீழும் அசைந்தது. இருபுறமும் எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர்கள் அதைத் தாங்கின. 1948இன் தொடக்கத்தில் கோல்மோர் கோப்பைப் போட்டியில் இவ்வமைப்பு முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. சேற்றிலும் பாறையிலும் ஓட்டும் போட்டிக்கு இது உதவாது, தரையின் பிடி போய்விடும் என்பதே அன்றைய தேர்ந்த ஓட்டுநர் பலரின் எண்ணம். அதே ஆண்டில் இத்தாலியில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் பெற்றனர். ஜானி பிரிட்டன் என்ற இளைஞர் 1952இலும் 1957இலும் ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியைப் புல்லட்டிலேயே வென்றார். பின்னர் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் அசையும் பின்சக்கரத்துக்கே வந்து சேர்ந்தன. ஆக, பிறந்தபோது மிதமிஞ்சிய புதுமை என்று இகழப்பட்ட வண்டியே நாற்பதாண்டுக்குப் பின் மிதமிஞ்சிய பழமை என்று இகழப்பட்டது.

இனித் திருவொற்றியூர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டியைத் தேடிய இந்திய அரசு 350 புல்லட்டைத் தேர்ந்தது. இறக்குமதி செய்துவந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச் நிறுவனமும் கைகோத்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. எல்லாம் துறந்த பட்டினத்தார் அடங்கிய அதே கடற்கரையூரில், எளிதில் துறக்க முடியாத ஒரு பற்றுக்குத் தொழிற்சாலை எழுந்தது வேடிக்கைதான். முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. அறுபதுகளின் தொடக்கத்துக்குள் வண்டி இங்கேயே முழுமையாக உருப்பெறலாயிற்று. அதே வேளையில் ரெடிச் தன் புல்லட்டை நிறுத்தியது. 1967இல் அவ்வாலையே மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அப்பெயர் கொண்ட வண்டித் தயாரிப்பு முற்றாக நின்றது. ஏழே ஆண்டுகளில், 1977இல், சென்னையில் செய்த புல்லட் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

"மாற்றாமல் வைத்திருந்ததில் என்ன பெருமை? அது தேக்கம் அல்லவா?" என்று கேட்பவர்களுக்குப் பாதி நியாயம் உண்டு. அன்றைய உரிம முறையில் போட்டி இல்லை. பணம் கட்டிவிட்டுக் காத்திருந்து வண்டி வாங்கிய காலம் அது. வாங்குவோர் வரிசையில் நிற்கையில் விற்போருக்கு மாற்ற வேண்டிய நெருக்கடி ஏது? நெடுங்காலம் நீடித்த மங்கலான 6 வோல்ட் விளக்குக்கும், கனத்துக்கு ஈடுகொடாத பழைய டிரம் பிரேக்குக்கும் இந்த உரை வக்காலத்து வாங்கப் போவதில்லை. இருட்டில் அந்த விளக்கை நம்பிப் போனவர்கள் உண்மையில் நம்பியது நிலாவைத்தான்.

மறுபாதியை இந்த அவை நன்கு அறியும். பழந்தமிழ் நூல்கள் இன்று கையில் இருப்பதற்குக் காரணம் இயற்றியவர்கள் மட்டும் அல்லர். இருநூறாண்டுக்கு ஒரு முறையேனும் மட்கும் ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிய, பெயர் தெரியாத ஏடெழுதுவோரும் காரணர். அவர்கள் சொந்தமாக ஒன்றும் இயற்றவில்லை என்று யாரும் குறை கூறுவதில்லை. பெயர்த்தெழுதுகையில் பிழைகள் நுழைந்தன, பாடபேதங்கள் தோன்றின. ஆனாலும் நூல் பிழைத்தது. திருவொற்றியூர்த் தொழிலாளிகள் செய்ததும் ஏறக்குறைய இதுவே. மூல ஏடு ரெடிச்சில் அழிந்துபோயிற்று. படி இங்கே தொடர்ந்து எழுதப்பட்டது. வார்ப்பில் சொரசொரப்பு, திருகு மரையில் தளர்வு என்று பிழைகள் நுழைந்ததும் மெய். பெட்ரோல் டேங்கின் பக்கவாட்டில் ஓடும் பொன்னிறக் கோட்டை மட்டும் எந்தப் பொறியும் இழுக்கவில்லை; ஒரே குடும்பத்தவர் தலைமுறை தலைமுறையாகத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். ஏட்டுக்கு எழுத்தாணி போல அதற்கு அந்தத் தூரிகை.

இந்தத் 'தேக்கத்தால்' விளைந்த நன்மை ஒன்றை ஏளனம் செய்வோர் எண்ணிப்பார்ப்பதில்லை. அறுபதுகளின் வண்டியில் இருந்த உறுப்புகளுள் பல தொண்ணூறுகளின் வண்டிக்கும் பொருந்தின. புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் குவிந்து கிடப்பவற்றுள் தேடினால் வேண்டியது கிட்டும். சிற்றூரில் மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குக்கு அச்சிட்ட கையேடு எதுவும் வேண்டியதில்லை. தம் ஆசானிடம் கற்றதே வாழ்நாள் முழுவதும் செல்லும். டேப்பட் சரிசெய்யும் முறையை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். பிற எஞ்சின்களுக்கு மெல்லிய எஃகுத் தகட்டைச் செருகி இடைவெளியை அளப்பார்கள். புல்லட்டுக்கு அதுவும் தேவையில்லை. எஞ்சின் ஆறியிருக்கையில் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் புஷ் ராடைப் பிடித்துப் பார்க்க வேண்டும். விரலால் உருட்டினால் அது தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் மட்டும் ஆடக் கூடாது. அளவுகோல் விரல்நுனியே. அதை எழுத்தால் கற்பிக்க இயலாது. இளையவன் விரலைப் பிடித்து, 'இது இறுக்கம், இது தளர்வு, இதுதான் சரி' என்று மூத்தவர் காட்டிக்கொடுத்தாக வேண்டும்.

கிக்கரைப் பற்றிய புகாரும் இங்கேதான் விடை பெறுகிறது. புல்லட்டை உதைத்துக் கிளப்ப முடியாமல் வியர்த்து நிற்பவரைச் சுற்றி நின்று சிரிப்பது தெருவுக்கு இலவசப் பொழுதுபோக்கு. அவர் செய்யும் தவறு, வலிமையைக் காட்டுவது. எட்டரை செண்டிமீட்டரையும் கடந்து 90 மில்லிமீட்டர் உயரம் ஏறி இறங்கும் பிஸ்டன் காற்றை அழுத்திக்கொண்டு நிற்கையில், அதன் மீது ஆள் ஏறிக் குதித்தாலும் அது இறங்காது. தீப்பொறி முந்திக்கொண்டால் திருப்பித் தள்ளும். அதற்கென்றே இடக்கைப் பக்கம் டீகம்பிரஷர் என்ற சிறு நெம்பியும், முகப்பு விளக்கின் மேல் ஆம்பியர் மீட்டரும் வைக்கப்பட்டன. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்லக் கீழே அழுத்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் அது இறுகி நிற்கும். டீகம்பிரஷரை இழுத்தால் அடைபட்ட காற்று ஒரு பெருமூச்சாக வெளியேறும். மேலும் சிறிது நகர்த்துகையில் ஆம்பியர் மீட்டரின் முள் இடப்பக்கச் சாய்விலிருந்து மீண்டு நடுவே வந்து நிற்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிட்டது என்பதற்கு அதுவே குறி. நெம்பியை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராக ஒரு மிதி. ஐம்பது கிலோ எடையுள்ளவர்களும் செருப்புக் காலோடு இதைச் செய்திருக்கிறார்கள். முரடர்களின் வண்டி என்று பெயர் வாங்கிய எந்திரம் முரட்டுத்தனத்துக்கு மட்டும் இணங்குவதில்லை என்பதைக் குறை சொல்வோர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆயில் ஒழுக்கு உண்மை. மறைப்பதற்கில்லை. எனினும் அதன் காரணத்தை அறிந்துகொண்டு இகழ்வது நல்லது. புல்லட்டுக்குத் தனி ஆயில் தொட்டி கிடையாது. எஞ்சின் கூட்டின் பின்பகுதியே தொட்டி. எஞ்சின் ஒரு பெட்டி, கியர் பெட்டி இன்னொன்று, இரண்டையும் இணைக்கும் சங்கிலிக்கு மூன்றாவது பெட்டி. இணைப்புகள் மிகுந்தால் கசியும் இடங்களும் மிகும். அந்தச் சங்கிலிப் பெட்டியின் மூடி நடுவில் ஒரே ஒரு நட்டால் பிடித்து நிற்பது. கசிகிறதே என்று அந்த நட்டை மேலும் மேலும் இறுக்கினால் மூடி வளைந்து கசிவு கூடும். சற்றே தளர்த்திப் பேக்கிங்கை ஒழுங்காக அமர்த்தினால் நிற்கும். இது தெரியாமல் இறுக்கியவர்கள் கையாலேயே பாதி புல்லட்டுகள் ஒழுகின. மீதிப் பாதிக்குத் தொழிற்சாலையின் வார்ப்பே பொறுப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேகத்துக்கு வருவோம். ஏளனம் உச்சத்துக்குச் சென்றது எண்பதுகளின் நடுவில்தான். 1984, 85 ஆண்டுகளில் ஜப்பானியக் கூட்டுறவோடு 100 சி.சி. வண்டிகள் வந்திறங்கின. அவற்றுள் ஹீரோ ஹோண்டாவின் விளம்பரம், பெட்ரோலை நிரப்பு, மூடியை மூடு, பிறகு மறந்துவிடு என்ற பொருளில் அமைந்திருந்தது. மறந்துவிடலாம் என்பதே அவ்வண்டியின் சிறப்பு. மாதச் சம்பளக்காரருக்கு அது பெரிய வரம். அதைப் பழிப்பது நன்றி கெட்ட செயல். யமஹா ஆர்எக்ஸ் 100 வேறு வகை. 11 குதிரைத் திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. சிக்னல் விழுந்ததும் அம்பாய்ப் பாயும். 160 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் 18 குதிரைத் திறனும் கொண்ட 346 சி.சி. புல்லட், பக்கத்தில் கோயில் காளை போல் நின்று நிதானமாகப் புறப்படும். கணக்குப் போட்டால் ஒரு கிலோவுக்கு உரிய திறன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு எங்கே என்றால், யமஹாவின் முழுத் திறனைப் பெற நிமிடத்துக்கு 7,500 சுற்று வேண்டும். புல்லட்டுக்கு 5,625 போதும், அதையும் பெரும்பாலோர் தொட்டதே இல்லை. கனத்த ஃபிளைவீல் ஒரு முறை சுழலத் தொடங்கிவிட்டால் ஏற்றத்திலும் கியரை மாற்றாமல் இழுத்துக்கொண்டு போகும். பஞ்சாபில் இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுப் பால்காரர்கள் புல்லட் ஓட்டியதும், இராணுவம் அதை இமயத்துக்குக் கொண்டுசென்றதும் வேகத்துக்காக அல்ல. சிக்னலுக்குச் சிக்னல் ஓட்டம் என்பது புல்லட் எழுத ஒப்புக்கொண்ட தேர்வே அன்று; அதில் தோற்றதாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

(இதே வரிசையில் டீசல் புல்லட்டையும் ஒரு சொல் சொல்லித்தான் ஆக வேண்டும். 325 சி.சி., ஆறரைக் குதிரைத் திறன். பம்புசெட்டே எழுந்து நடந்தது போன்ற ஓசை. அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. பெட்ரோல் விலை ஏற ஏற, அதை வாங்கியவர்களும் சிரித்தார்கள். 2000 வாக்கில் அதுவும் நின்றது.)

ஓசையும் திமிரும் ஒன்றோடொன்று பிணைந்த குற்றச்சாட்டுகள். இவ்வுரை தயங்கும் இடமும் இதுதான். நெடுங்காலம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் புல்லட் ஓசை என்றால் இன்ஸ்பெக்டர் வருகிறார், அல்லது பண்ணையார் வருகிறார் என்று பொருள். அந்த ஓசைக்குத் திண்ணையிலிருந்து எழுந்து நின்றவர்களும், கொல்லைப்புறமாக ஓடி ஒளிந்தவர்களும் உண்டு. அந்த நினைவு உள்ளவர்கள் புல்லட்டை வெறுத்தால் அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் குற்றம் வண்டியில் ஏறியிருந்த அதிகாரத்தின் மேலது. தபால் பையையும் வைக்கோல் கட்டையும் மருத்துவச்சியையும் சுமந்தபோதும் வண்டி அதே ஓசையைத்தான் எழுப்பியது.

அந்த ஓசைக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. நின்றபடி ஓடும் புல்லட் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 900 சுற்றுச் சுற்றும். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்றால் நொடிக்கு ஏழெட்டு. அந்த அளவுக்கு மனிதச் செவி ஒவ்வோர் அடியையும் தனித்தனியே பிரித்தறியும். அதனால் அது இரைச்சலாகாமல் தாளமாகிறது. உயர்சுற்று எஞ்சின்களில் அடிகள் கலந்து ஒற்றை ரீங்காரமாகிவிடுகின்றன. தொழிற்சாலை தந்த நீண்ட சைலன்சரோடு அந்தத் தாளம் தணிந்தே ஒலித்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டைக் குழாயைப் பொருத்தி நள்ளிரவில் ஊரை எழுப்புகிறவர்களைச் சட்டம் தண்டிக்கட்டும். தலைவியைக் காண விரைந்து வரும் வழியில், பூவில் தேனுண்ணும் வண்டுகள் வெருளுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வந்த தலைவனை அகநானூறு காட்டுகிறது. அத்தேரை இகழ்ந்தவர் எவரும் இல்லை. மணியைக் கட்டுவதும் அவிழ்த்துவிடுவதும் தேரோட்டுபவன் பண்பைப் பொறுத்தது. இன்னொன்றும் உண்டு. தெருமுனையில் கேட்கும்போதே, இது வீட்டுக்காரர் வண்டி, இது அடுத்த வீட்டுக்காரர் வண்டி என்று அடுக்களையில் இருந்தபடியே பிரித்தறிந்த பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரு புல்லட்டுகளும் ஒரே குரலில் பேசுவதில்லை. வார்ப்பின் 'பாடபேதம்' இங்கே பயன்பட்டது.

வரலாற்றின் முடிவுப் பகுதி பலரும் அறிந்ததே. 1994இல் நிறுவனம் முழுமையாக ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் மாதம் 2,000 வண்டி அளவிலேயே விற்றதால், மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. இருபதுகளின் நடுவில் இருந்த சித்தார்த்த லால் பொறுப்பேற்றுக் காப்பாற்றினார். ஏளனம் செய்தவர்கள் கேட்டவை ஒவ்வொன்றாக நிறைவேறின. கியர் இடக்காலுக்குப் போயிற்று. பட்டனை அழுத்தினால் எஞ்சின் கிளம்பியது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது. 2008 முதல் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டில் அடங்கிய புதிய அமைப்பு வந்து, இணைப்புகள் குறைந்து, ஆயில் ஒழுக்கும் ஏறக்குறைய நின்றது. வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றது. 2014இல் நிறுவனம் ஓராண்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை விற்றது.

அவற்றில் டீகம்பிரஷர் இல்லை, நடுவுக்கு வரும் முள்ளும் இல்லை. பாயிண்ட் வைக்கவும், புஷ் ராடை உருட்டிப் பார்க்கவும் கற்ற மெக்கானிக்குகள் ஊருக்கு ஒருவர் இருவராகக் குறைந்துவிட்டனர். அவர்களிடம் வண்டியை விட்டுவிட்டு வரிசையில் காத்திருப்பவர்களுள், முன்பு சுற்றி நின்று சிரித்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஏளனமும் இப்போது இடம் மாறியிருக்கிறது. பழைய புல்லட்டின் சொந்தக்காரர் புதிய வண்டி ஒன்று அருகே வந்து நின்றால், முதலில் குனிந்து அதன் அடியில் பார்க்கிறார். தரை காய்ந்து கிடக்கிறது. "ஒரு சொட்டுக்கூட இல்லையே, இதெல்லாம் ஒரு புல்லட்டா?" என்கிறார்.